ஜீப்பின் அடிச்சட்டமான சேஸிஸை 18 அங்குலம் நீட்ட எங்கே வெட்டுவது?

கானாடுகாத்தான் ஃபோர்வீல்:
வணக்கம் அண்ணன்மாரே. பழைய ஃபோர் வீல் ஜீப், பின்னால் லீஃப் ஸ்பிரிங், 4 மி.மீ. சி சேனல் சேஸிஸ், வீல்பேஸ் (இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம்) 2,400 மி.மீ. தொட்டி 5 அடிதான். தேக்குத்தூண் ஏற்றினால் பாதி வெளியே நிற்கிறது. பின்னச்சுக்கு அப்புறம் 18 அங்குலம் (சுமார் 450 மி.மீ.) ஒட்டினால் போதும், அச்சைச் சுழற்றும் ஷாஃப்டைத் தொட வேண்டாம் என்கிறார்கள் பட்டறையில். சரிதானா? கண்மாய்க் கரையிலும் ஏற வேண்டிய வண்டி.

காரைக்குடி லேத்:
வேண்டாம் தம்பி. பின்னச்சுக்கு வெளியே பாரம் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். கரை ஏறும்போது ஸ்டியரிங்கும் பிடிக்காது, முன் டிரைவும் வீண். வெட்டுவதென்றால் இரண்டு அச்சுக்கும் நடுவில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) தாங்கும் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், பின் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கருக்கு (ஸ்பிரிங் மாட்டும் தாங்கி) முன்னால். பக்கத்தில் பழைய துளை எதுவும் இருக்கக் கூடாது. அப்போது முன் ஷாஃப்ட் அப்படியே இருக்கும்.

முதலில் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்குங்கள். டியூப் லெவல் வைத்து வண்டியை மட்டமாக்கி, தூக்குக்குண்டு விட்டு ஹேங்கர் புள்ளிகளைத் தரையில் குறித்து மூலைவிட்டம் அளந்துகொள்ளுங்கள். ஒட்டிய பிறகு இரண்டு மூலைவிட்டமும் 3 மி.மீ.க்கு மேல் மாறக் கூடாது.

நடுவில் ஒட்டும் துண்டுக்குக் கடையில் விற்கும் ஐஎஸ்எம்சி (கட்டட வேலைக்கான இரும்பு) சேனலை வாங்கிவிடாதீர்கள். அதன் ஃபிளாஞ்சு (மேல், கீழ் மடிப்பு) உள்பக்கம் சரிவாக இருக்கும், ஸ்லீவ் (ஒட்டுக்கு உள்ளே வைக்கும் வலுத்தகடு) படியாது. சேஸிஸ் தரத்திலேயே 4 மி.மீ. தகடு வாங்கி பிரஸ்ஸில் மடித்து வாங்குங்கள். வெட்டு 45 டிகிரி சாய்வாக. இடமும் வலமும் நேருக்கு நேர் வராமல் 100 மி.மீ. தள்ளி. விளிம்பைச் சீவி 2 மி.மீ. இடைவெளி விட்டு, 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் காயவைத்த 7018 வெல்டிங் ராடில் விட்டு விட்டு ஒட்டுங்கள்.

ஸ்லீவ் போடும் முன் ஒட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் தடவிப் பாருங்கள்; விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் ஈரக்கோடு தெரியும். பிறகு ஒட்டைச் சமமாகத் தேய்த்து, 950 மி.மீ. ஸ்லீவை உள்ளே வையுங்கள். அதன் இரு முனையும் மீன்வாய் போல வெட்டியிருக்க வேண்டும். நேராக வெட்டினால் அந்தக் கோட்டிலேயே சேஸிஸ் ஒடியும். நடுப்பலகையில் 20 மி.மீ. துளையிட்டு, அந்தத் துளையை நிரப்பி ஒட்டும் பிளக் வெல்டு மட்டும். ஃபிளாஞ்சு விளிம்பில் ஒட்டவே கூடாது. அச்சுகளுக்கு நடுவில் கீழ் ஃபிளாஞ்சுதான் இழுபடுகிறது, விரிசல் அங்கேதான் பிறக்கும்.

பள்ளத்தூர் கிராஸ்:
ஷாஃப்டைப் பற்றி நான் சொல்கிறேன். பின் ஷாஃப்ட் 900 மி.மீ. என்றால் இனி 1,350. நீளம் ஒன்றரை மடங்கானால் ஷாஃப்ட் சுழன்று வளையும் வேகம் பழையதில் 44 சதவீதமாக இறங்கும். குழாயை வெட்டி ஒட்டிவிட்டு டாப் கியரில் ஓட்டினால் உதறி டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டு துண்டாக்கி, புதுக் குறுக்குச் சட்டத்தில் ரப்பர் போட்ட சென்டர் பேரிங் வையுங்கள். பின் துண்டில் இரண்டு முனை யோக்கும் (ஷாஃப்டை இணைக்கும் கவை) ஒரே நேரில் நிற்கட்டும், பேலன்ஸ் கட்டாயம்.

பிரேக் பைப்பை நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே நீளத்தில் டபுள் ஃபிளேர் (முனையை இரட்டை மடிப்பாக விரிப்பது) அடித்து மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளும் 450 மி.மீ. கூடுதலாக வேண்டும்.

நடுவில் தரை உயரம் 200 மி.மீ. என்று வைத்தால், வயிறு தட்டாமல் மேடு தாண்டும் கோணம் 19 டிகிரியிலிருந்து 16 ஆகிவிடும். திரும்பும் வட்டமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெருகும்.

தேவகோட்டை ஆர்சி:
இதெல்லாம் செய்யும் முன் ஆர்சியை (வண்டிப் பதிவுச் சான்று) எடுத்துப் பாருங்கள், வீல்பேஸ் அதில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பிரிவு 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸும் சிக்கல். தூண் இறக்கும் நாளுக்கு மட்டும் லோடு வண்டி வாடகைக்குப் பிடிப்பதே என் யோசனை.

கானாடுகாத்தான் ஃபோர்வீல்:
ஆர்சியில் 2,400 என்றே இருக்கிறது அண்ணே. வண்டியை வெட்டவில்லை. தூணுக்கு வாடகை வண்டி, ஆத்தங்குடி கல்லுக்கு மட்டும் ஜீப்.