ட்வின்சார்ஜருக்குத் தமிழில் என்ன போடலாம்? (திங்களுக்குள் வேண்டும்)

பீன்யாவிலிருந்து:
பெங்களூர் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் படிக்கிற மெக்கானிக் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், திங்கள் காலை அச்சுக்குப் போயாகணும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற சூப்பர்சார்ஜரும் டர்போவும் ஒரே எஞ்சினில் சேர்ந்து இருப்பதற்கு ஒரு சொல் வேண்டும். முன்னது எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட்டில் ஓடும், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் காற்றைத் தள்ளும், ஆனால் எஞ்சினின் பலத்தையே கொஞ்சம் தின்னும். பின்னது வெளியே போகிற புகையில் சுற்றுவது, வேகம் பிடிக்க நேரமாகும். ஃபோக்ஸ்வேகன் 2005ல் கொண்டுவந்த 1.4 லிட்டர் எஞ்சினில் கீழ்வேகத்தில் சூப்பர்சார்ஜர் கைகொடுக்கும். நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டினால் காந்த கிளட்ச் அதைக் கழற்றிவிட, டர்போ மட்டும் ஓடும். 'இரட்டை மிகையூட்டி' என்று போட்டிருக்கிறேன், சரியா?

அல்சூரிலிருந்து:
தம்பி, இரட்டை என்றால் ஒரே மாதிரி இரண்டு. அதை ட்வின் டர்போவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்பது தொல்காப்பியம், அதாவது இரட்டையாக வரும் சொல் பிரிந்து நிற்காது. உங்கள் எஞ்சினிலோ 3,500ல் ஒன்று பிரிந்து போய்விடுகிறதே! பின்னால் உயிர் வந்தால் 'இரு' என்பது 'ஈர்' ஆகும், ஈருருளி மாதிரி. ஆகவே ஈரூட்டி. முடிந்தது.

மல்லேஸ்வரத்திலிருந்து:
ஐயா, ஈரூட்டி என்றதும் ஏதோ ஈரமாக்குகிற கருவி என்றுதான் எனக்குப் பட்டது. நம்மிடம் பழைய சொல்லுக்கா பஞ்சம்? கொல்லன் உலைக்குக் காற்று ஊதிய துருத்தி எங்கே போயிற்று? குறுந்தொகை 172ல் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழூர்ப் பொதுவேலைக்கு ஓரூரில் கட்டிய உலையின் 'மிதிதோல்' என்கிறார். மிதித்தால் காற்று வரும், ஆக்சிலரேட்டரும் அப்படித்தானே! துருத்திக்குத் துதி என்றும் பெயர் உண்டு, இங்கே கன்னடத்தில் திதி. பெல்ட்டில் ஓடுவது வார்த்துருத்தி, புகையில் சுற்றுவது புகைத்துருத்தி, இரண்டும் சேர்ந்தால் இணைத்துருத்தி. எவ்வளவு அழகு பாருங்கள்.

அல்சூரிலிருந்து:
அம்மா, திதி என்றால் பையன்கள் எள்ளும் தண்ணீருமாகக் கிளம்பிவிடுவார்கள். தவிர, துருத்தி சுருங்கி விரிவது, இவை சுழல்பவை. புகைத்துருத்தி என்றால் புகையை ஊதுவது என்றாகாதா? டர்போ எஞ்சினுக்குள் தள்ளுவது சுத்தக் காற்றை.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பட்டறை வைத்திருக்கிறவன். லாரிக்காரர் 'டர்போ போச்சுண்ணே' என்றுதான் வந்து நிற்பார், வார்த்துருத்தி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் காற்று என்பதாவது உள்ளே வரட்டும். மிகையூட்டியில் எதை ஊட்டுகிறோம் என்பதே இல்லை. வெறும் ஊட்டி என்றால் சனிக்கிழமை மைசூர் ரோட்டில் நகராமல் நிற்கிற கார்கள்தான் ஞாபகம் வருகிறது. அப்புறம், இது புதுசும் இல்லை. 1985லேயே லான்சியா டெல்டா எஸ்4 ராலிக் காரில் 1,759 சிசி எஞ்சினுக்கு இரண்டையும் மாட்டியிருந்தார்கள். பிறகு வோல்வோவும் தன் 2 லிட்டர் எஞ்சினில் செய்தது. ஒன்று பெல்ட், ஒன்று புகை, அந்த வித்தியாசம் பையனுக்குப் புரிந்தால் போதும். 'இருவகை வளியூட்டி' என்று போடுங்கள்.

அல்சூரிலிருந்து:
காற்று வேண்டும் என்றீர்கள், வளி போட்டீர்கள். பரவாயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஈரூட்டியை அடைப்புக்குறிக்குள்ளாவது வைக்கலாம்.

பீன்யாவிலிருந்து:
அடைப்புக்குறியில் இடமில்லை ஐயா, அங்கே ட்வின்சார்ஜர் இருக்கிறது, தேர்வில் அதுதான் வரும். இருவகை வளியூட்டி என்றே அனுப்புகிறேன். டர்போவையும் சூப்பர்சார்ஜரையும் தொடவில்லை. எல்லாருக்கும் நன்றி.

மல்லேஸ்வரத்திலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் இருவகை வளியூட்டி என்பது விளக்கம், பெயர் இல்லை. என் ஓட்டு துருத்திக்குத்தான், அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.