மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

எம்.சி. ரோடு துணிக்கடைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் போட 11ஆம் தேதி கடைசி. 9ஆம் தேதி ராத்திரி, சரிபார்க்கச் சொல்லி ஒரு கடைக்காரருக்கு அனுப்பிய மெயில் அவுட்பாக்ஸிலேயே குந்திக்கொண்டது. வருகிற மெயில் மட்டும் கச்சிதமாக வந்தது, "கணக்கு இன்னும் வரலையே சார்" என்று அவர் போட்ட மெயில் உட்பட.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். போனிலும் மெயில் நின்றதுதான் மிச்சம்.

முந்தின வாரம்தான் தெருவில் கேபிள் கொடுப்பவரின் பிராட்பேண்டுக்கு மாறியிருந்தேன். அவர் அனுப்பிய பையன் யூடியூபில் ஒரு கானா பாட்டைப் போட்டான். "பாட்டு ஓடுதுல்லண்ணே? நெட்டு நல்லாத்தான் கீது." சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். அவன் சொன்னதும் பொய்யில்லை.

அப்புறம் போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்தேன். உடனே எல்லாம் போய்விட்டது. அப்போ கோளாறு மெயிலில் இல்லை, லைனில். நான் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் புரோகிராமில், மெயிலை வெளியே அனுப்பும் அவுட்கோயிங் சர்வருக்குத் தனிப் பக்கம் உண்டு. திறந்தால், எந்தக் காலத்திலோ போட்ட போர்ட் 25 அப்படியே இருக்கிறது. அது மெயில் சர்வர்கள் தங்களுக்குள் தபால் மாற்றிக்கொள்ளும் வாசல். வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதன் வழியாக ஸ்பேம் தள்ளுவதால், இணைப்பு கொடுப்பவர்கள் பலர் வீட்டு லைனில் அதை அடைத்துவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் மெயில் அனுப்பவென்று 1998லேயே 587ஐ ஒதுக்கியாகிவிட்டது. போர்ட்டை 587 ஆக்கி, செக்யூரிட்டியில், இணைப்பைப் பூட்டிக்கொள்ளும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் முறையை வைத்தேன். கேபிள் லைனிலும் போனது. சில சர்வர்களுக்கு 465, அதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் மறுபடியும் தொங்கும்.

பதற்றத்தில் ஒரே கணக்கைத் திருத்தித் திருத்தி ஏழு மெயில் போட்டிருந்திருக்கிறேன். காலையில் கடைக்காரர் போன் செய்தார்: "ஏழுல எது சார் கரெக்ட்டு?"

ராயபுரத்திலிருந்து:

எனக்கு 587 எல்லாம் சரியாகவே இருந்தது, அண்ணா. வருவதும் இல்லை, போவதும் இல்லை. மெயில் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சர்ட்டிஃபிகேட் செல்லாது என்றே வந்தது. இரண்டு நாள் ஆன்டிவைரஸைத் திட்டினேன். பிள்ளைதான் மூலையில் இருந்த கடிகாரத்தைக் காட்டினான்: 2009 ஜனவரி. சர்ட்டிஃபிகேட் எழுதப்படுவதற்கு முன்னாலேயே நான் இருந்தால் எப்படிச் செல்லும்? மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032. அது செத்துப்போய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடியிருக்கிறது. வாட்ச் கடையிலேயே கிடைத்தது. பழையதைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

என் கதை சின்னது. பேத்தி காதுகுத்துப் படங்கள் மொத்தம் 20 எம்பி, சர்வர் வரம்பு 25. ஆனாலும் திரும்பி வந்தது. மெயிலில் ஏறும்போது படம் எழுத்தாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனம் கூடி 27ஐத் தொட்டுவிடுகிறதாம். இரண்டாகப் பிரித்து அனுப்பினேன். கம்மல் போட்ட படம் இரண்டாவது மெயிலில் இருக்கிறது என்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.