எஸ்போ கடலோரத்தில் வீடு: டாபியோலாவா, மாட்டின்கூலாவா, கிவென்லாஹ்தியா?

சர்ஜாபூர்_குமரன்:
வணக்கம். பெங்களூரிலிருந்து ஃபின்லாந்து போகிறோம். நான், மனைவி, மூன்று வயது மகள். ஆபீஸ் ஹெல்சின்கிக்கு மேற்கே, எஸ்போவின் கெய்லனியெமியில். கிவென்லாஹ்தியில் ஜன்னலைத் திறந்தால் கடல், வாடகையும் குறைவு. எடுக்கலாமா? அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்? மகளின் பிறப்புச் சான்றிதழ் சேலத்தில் வாங்கியது. அதை வெளிநாட்டில் ஏற்க ஒட்டும் அப்போஸ்டில் முத்திரையை பெங்களூரிலேயே முடித்துவிடலாமா?

மெட்ரோ_மணி:
கடலை விடுங்கள், பயணக் கட்டண மண்டலத்தைப் பாருங்கள். ஹெல்சின்கி மையம் ஏ; கெய்லனியெமி, டாபியோலா, மாட்டின்கூலா பி; கிவென்லாஹ்தி சி. பி-யில் குடியிருந்தால் ஏபி பாஸ் ஒன்றே ஆபீசுக்கும் ஊர்சுற்றவும் போதும். கிவென்லாஹ்தியிலிருந்து ஆபீசுக்கு பிசி பாஸ் போதும், ஹெல்சின்கிக்குப் போக ஏபிசி வேண்டும். மெட்ரோவில் இரண்டு தடங்கள், எம்1, எம்2. எம்2 வண்டிகள் டாபியோலாவோடு திரும்பிவிடும். அதைத் தாண்டி எம்1 மட்டும்தான், அதாவது பாதி வண்டிகள். ஸ்டேஷனில் தடுப்புக் கதவு கிடையாது என்று சும்மா ஏறிவிடாதீர்கள், பரிசோதகர் வந்தால் அபராதம்.

குழந்தையோடு என்றால் என் ஓட்டு மாட்டின்கூலாவுக்கு. ஸ்டேஷனை ஒட்டியே இசோ ஒமெனா மால். நூலகமும் சுகாதார நிலையமும் அதற்குள்ளேயே. டிசம்பரில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். ஆபீஸ் போகிறவருக்கு ஜன்னல் கடல் சனி, ஞாயிறுதான்!

லதா_ஹெப்பால்:
நம்ம ஊர் பத்து மாத அட்வான்ஸ் அங்கே செல்லாது. சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத வாடகை. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். தண்ணீர்க் கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று தனி. வீட்டுக் காப்பீடு இருந்தால்தான் சாவி என்பார்கள். மாட்டின்கூலாவில் 1970களின் கட்டடங்கள் நிறைய. குழாய் மாற்றும் வேலை, 'புட்கிரெமொன்ட்டி', முடிந்துவிட்டதா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும்போது அந்த வேலை வந்தால் மாதக்கணக்கில் குளியலறை இருக்காது.

நகராட்சி டேகேருக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வேலை திடீரென அமைந்தால் இரண்டு வாரம். ஆனால் அப்போது கொடுக்கிற இடம் வீட்டருகே இருக்குமென்று சொல்ல முடியாது.

மெட்ரோ_மணி:
விட்டுப்போனது: கடல் உறைந்ததும் எல்லோரும் நடப்பார்கள். ஒருவர் நடக்கவே குறைந்தது 5 செ.மீ. உறுதியான பனிக்கட்டி வேண்டும். பாலத்தடியிலும் நாணல் ஓரத்திலும் அது மெலிந்திருக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு கரையோரப் பாதையான ரன்டரைட்டியிலேயே நடங்கள்.

சான்றிதழ்_சங்கர்:
அப்போஸ்டிலை பெங்களூரிலேயே முடித்துவிட முடியாது. சான்றிதழ் கொடுத்தது தமிழ்நாடு, அதனால் முதலில் தமிழ்நாட்டு அரசின் சான்றொப்பம், அப்புறம்தான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். திருமணச் சான்றிதழும் அங்கே வாங்கியதென்றால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அப்போஸ்டில் ஒட்டிய பிறகு திருத்தினால் மறுபடி சேலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.