இரண்டாவது சரணம் எங்கே போச்சு?

பழையகேசட்:
நேற்று திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் வந்தேன். டிரைவர் புதுப் பாட்டாகவே போட்டுக்கொண்டு வந்தார். பேர் வேண்டாம், ஒரு பாட்டு ஆலங்குளம் தாண்டும்போது ஆரம்பித்தது. பொழுது போகாமல் விரல் விட்டு எண்ணினேன். முதல் வரி மட்டும் 18 தடவை. நடுவில் இரண்டு வரி வேறு மாதிரி, அதிலும் பாதி இங்கிலீஷ். அவ்வளவுதான் பாட்டு.

நமக்குத்தான் வயசாகிவிட்டதோ என்று பார்த்தால், வெளியூரிலும் இதே புலம்பல்தான். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்து ஆட்கள் இருந்த ஒரு குழு, 1970 முதல் 2020 வரை வந்த ஆங்கிலப் பாட்டுகளில் 12,000ஐ எடுத்து அலசியது. 2024இல் முடிவு வந்தது. வரிகள் எளிதாகிக்கொண்டே வருகின்றன, சொன்னதையே சொல்வது கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள். தமிழில் யாராவது எண்ணினால் இதைவிட மோசமாகத்தான் வரும். 1962இல் ஒரே வருஷத்தில் ‘அத்திக்காய் காய் காய்’ என்றும் ‘வீடு வரை உறவு’ என்றும் எழுத ஒரு கண்ணதாசன் இருந்தார். இன்றைக்கு யார்? மறுப்பவர்கள் வரலாம்.

டெம்போ_தம்பி:
வந்துட்டேன் அண்ணே. 1968இல் ‘பணமா பாசமா’ படத்துக்கு ‘எலந்தப் பழம்’ எழுதியது யார்? அதே கண்ணதாசன். 1993இல் ‘சிக்கு புக்கு ரயிலே’ எழுதிய வாலிதான் அதற்கு முந்தின வருஷம் ‘அம்மா என்றழைக்காத உயிரில்லையே’ எழுதினார். நீங்கள் அன்றைக்குப் புடைத்து எடுத்த அரிசியையும் இன்றைக்குக் களத்திலிருந்து அப்படியே வரும் நெல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். பதர் எல்லாம் காற்றில் போய் அறுபது வருஷமாகிறது. 1962இல் வந்த அத்தனை பாட்டையும் வரிசையாகப் போட்டால் நீங்களே ஆலங்குளத்தில் இறங்கிவிடுவீர்கள்.

அப்புறம் அந்தக் கணக்கு. ஆங்கிலத்தில் சொல்லை எண்ணுகிற மாதிரி தமிழில் எண்ண முடியாது. வந்தான், வந்தாள், வந்தவன், வந்தபோது, வந்தாலும்: கணினிக்கு இது ஐந்து வெவ்வேறு சொல். தமிழில் எந்தக் குப்பைப் பாட்டை எடுத்தாலும் சொல்வளம் பொங்கி வழியும்!

குத்துரசிகன்:
நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, நாங்க ஆடிட்டு வர்றோம்.

பழையகேசட்:
எலந்தப் பழத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலும் ஒரு கூடைக்காரியின் வாய்த்துடுக்கு இருக்கிறது. யாரோ ஒருத்தி பேசுகிறாள் என்று தெரிகிறது. இப்போது வருவதில் யார் பேசுகிறார்கள்?

‘அத்திக்காய்’ பாட்டை எடு. ‘காய்’ என்ற ஒரே சொல் காய்கறியாகவும் வரும், நிலா காய்வதாகவும் வரும், கோபத்தில் காய்வதாகவும் வரும். ‘இத்திக்காய் காயாதே’ என்றால் இத்திமரத்துக் காய் ஒன்று, ‘இந்தத் திக்கில் காயாதே’ என்று நிலாவிடம் கெஞ்சுவது இன்னொன்று. எனக்கு இது பிடிபட்டபோது வயது 30. அதுவரை அது காய்கறிப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்கத் திறக்கிற பாட்டு அது. இன்றைய பாட்டு முதல் தடவையே மொத்தமாகத் திறந்து கிடக்கிறது.

தமிழம்மா:
முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எளிமையாகிவிட்டது என்று பிராது கொடுக்க நீங்கள் கூப்பிடும் சாட்சியே எளிமைப்படுத்தியவர்தான்.

பட்டினத்தார் பாட்டு இருக்கிறது. சேர்த்த பொருளும் வாழ்வும் ‘அகத்து மட்டே’, கண்ணீர் வடிக்கும் மனைவி ‘வீதி மட்டே’, தலையில் கை வைத்து அழும் பிள்ளைகள் ‘சுடுகாடு மட்டே’, கூடவே வருவது ‘பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே’. இதைத்தான் கண்ணதாசன் ‘பாதகாணிக்கை’ படத்தில் நாலு அடியாக்கினார். அடிக்கு மூன்றே சொல். மொத்தம் 12 சொல், அதில் ‘வரை’ மட்டும் நாலு தடவை. மிச்சம் எட்டுச் சொல்லும் ஒன்றாம் வகுப்புப் பாடம். பழையகேசட் சார் சொல்லும் அந்தக் குழுவிடம் கொடுத்தால் ‘சொல் குறைவு, திரும்பச் சொல்வது அதிகம்’ என்று மார்க் போட்டுவிடுவார்கள்.

ஆனால் கடைசி அடியைப் பாருங்கள். பட்டினத்தாருக்குச் சந்தேகமே கிடையாது. புண்ணியமும் பாவமும் கூட வரும், தீர்ந்தது. கண்ணதாசன் அந்த இடத்தில் ‘யாரோ’ என்று வைத்தார். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் எழுதிப் போடுவேன். தூங்குகிற பையன்கூட அந்த ‘யாரோ’வில் நிமிர்வான்.

டெம்போ_தம்பி:
டீச்சர், இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எனக்கு இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

பழையகேசட்:
தம்பி, டீச்சர் உன் கட்சி இல்லை. டீச்சர் சொன்னதை வைத்தே சொல்கிறேன். ‘வரை’ நாலு தடவை வருகிறது, சரி. ஆனால் வீடு, வீதி, காடு என்று ஊர்வலம் நகர்கிறது. ஒவ்வொரு ‘வரை’யிலும் ஒரு ஆள் பின்தங்குகிறார். நான் பஸ்ஸில் எண்ணிய 18 தடவையும் பாட்டு செக்குமாடு மாதிரி அதே இடத்தில் சுற்றியது. சொல் எளிதாக இருப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. மாற்றிக்கொள்கிறேன்.

வவுனியா_வானொலி:
என்னுடைய பங்குக்கு ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருக்கேக்க இலங்கை வானொலிதான் எங்களுக்கு எல்லாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடினவர், இசை, எழுதின கவிஞர் என்று அறிவிப்பாளர் ஒழுங்காகச் சொல்லுவார். கவிஞர் பெயர் காதில் விழுந்த பிறகுதான் வரி விழும். அதனால் வரியைக் கவனித்தோம். இப்போது பாட்டு தானாக ஒன்று முடிய ஒன்று ஓடுது. எழுதினது யாரென்று கேட்டால் என்ர மகனுக்கே தெரியாது. பாட்டு எளிதானதோ, எங்கட காது சோம்பலானதோ என்பதையும் யோசியுங்கோ.

ஆனால் 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை விட்டுவிட்டுக் கதைக்கக் கூடாது. பாடகர் அறிவு எழுதினது. இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிப் போன தன் பாட்டியின் தலைமுறையை அதுக்குள்ளே வைத்திருக்கிறார். மலையகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து அதைப் பாடக் கேட்டேன். நாய், நரி, பூனை, பாட்டன், பூட்டன்: எல்லாம் வாய்க்குள்ளே இருக்கிற சொல். அதை எளிது என்று தள்ள எனக்கு மனம் வராது.

தமிழம்மா:
அறிவு பாட்டு நல்ல உதாரணம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2010இல் தாமரை ‘மன்னிப்பாயா’வுக்குள் திருக்குறளை வைத்தார். 2019இல் வந்த ‘சகா’ படத்தில் குறுந்தொகையின் 40ஆம் பாட்டு ‘யாயும் ஞாயும்’ அப்படியே மெட்டில் உட்கார்ந்தது. கஷ்டமான சொல் வேண்டுமென்றால் இப்போதும் கிடைக்கிறது.

கஷ்டமான சொல் வந்தாலே உசத்தி என்பதும் இல்லை. 1997இல் ‘இருவர்’ படத்தில் வைரமுத்து எழுதிய ‘நறுமுகையே’யில் ‘அற்றைத் திங்கள்’ வரும். அது பாரியின் மகள்கள் தகப்பனை இழந்து, குன்றை இழந்து நின்று பாடிய புறநானூறு 112. பாட்டில் அது காதல் நிலா. கேட்க இனிமைதான், நானும் முணுமுணுப்பேன். ஆனால் அதற்கப்புறம் ‘அற்றைத் திங்கள்’ எந்தத் திணை என்று பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் காதல் என்று எழுதினார்கள். திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்தது.

டெம்போ_தம்பி:
சரி, நான் வேலை செய்கிற இடத்துக் கதையைச் சொல்கிறேன், அண்ணன் சந்தோஷப்படுவார். நான் மிக்ஸிங் பார்க்கிறவன். மெட்டு முதலில் வரும், தத்தகாரத்தில். ‘தானா தனனா’ என்று இசையமைப்பாளர் பாடி அனுப்புவார். சில நேரம் வாய்க்கு வந்த டம்மி வரி போட்டுப் பாடியிருப்பார். எல்லாரும் அதையே பத்து நாள் கேட்டுக் கேட்டு, கவிஞர் நல்ல வரி எழுதி வந்தாலும் ‘டம்மிதான் கேட்ச்சியா இருக்கு’ என்று அதையே வைத்துவிடுவார்கள். அதோடு, ரீல்ஸில் ஓடப்போவது முப்பது செகண்ட். அந்த முப்பது செகண்டுக்காகத்தான் மொத்தப் பாட்டும்.

போன மாசம் ஒரு பாட்டு. இரண்டு சரணம் எழுதி வந்தது. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த நம்பர் வியர்வையில் அழிந்துபோகிறது, அவன் தெரிந்த இலக்கத்தை வைத்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்க்கிறான். இரண்டாவது சரணம் முழுக்க அதுதான். ரெக்கார்டிங் முடிந்து, மூன்று நிமிஷத்துக்குள் முடிய வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பில் சொன்னார்கள். நான்தான் வெட்டினேன். அந்த இடத்தில் முதல் வரியை இன்னும் நாலு தடவை ஒட்டினேன். நீங்கள் பஸ்ஸில் எண்ணியது நான் ஒட்டியதாகக்கூட இருக்கலாம்.

பழையகேசட்:
ஆஹா, குற்றவாளி சிக்கினான்! எழுதுகிறவன் இருக்கிறான், எழுதியும் கொடுக்கிறான். கத்திரிக்கோல்தான் பிரச்சினை என்று சொல்லிவிட்டாய். எங்கள் காலத்தில் ஒரு பாட்டு பல்லவியில் கிளம்பி, கடைசிச் சரணம் முடியும்போது வேறு எங்கேயோ போய் நிற்கும். இப்போது பல்லவியில் கிளம்பிப் பல்லவியிலேயே இறங்கிவிடுகிறோம்.

டெம்போ_தம்பி:
கத்திரிக்கோல் என் கையில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பந்தயம். நீங்கள் கொண்டாடும் ‘வீடு வரை உறவு’ முழுக்கத் தெரியுமா? போனைப் பார்க்காமல், எல்லாச் சரணமும் இங்கே எழுத வேண்டாம், எத்தனை நினைவிருக்கிறது என்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். யாருமே கேட்காத சரணத்தை வெட்டியதற்கு என்னை மட்டும் திட்டக் கூடாது.

குத்துரசிகன்:
ஆட்டத்தை நிறுத்திட்டு வந்துட்டேன். அண்ணே, பாடுங்க.

பழையகேசட்:
பல்லவி, சரி. ‘ஆடும் வரை ஆட்டம்’ வந்தது. ‘தொட்டிலுக்கு அன்னை’ வந்தது. அதற்கப்புறம் ‘சென்றவனை’ என்று ஆரம்பித்து, சென்றவனைக் கேட்டால் வந்தவன் என்ன சொல்வான் என்று குழம்பி நிற்கிறேன். கடைசிச் சரணம் வரவே இல்லை. நாற்பது வருஷமாகப் பாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனைத் தொடவில்லை. அப்பா தியேட்டர் வாசலில் வாங்கிச் சேர்த்த பாட்டுப் புத்தகங்கள் பரணில் தகரப்பெட்டியில் இருக்கின்றன. இரு, எடுத்துப் பார்க்கிறேன்.

தமிழம்மா:
பரணில் பார்த்து ஏறுங்கள் சார்.

பழையகேசட்:
எடுத்துவிட்டேன். ‘பாதகாணிக்கை’ இருக்கிறது. கடைசித் தாள் மட்டும் இல்லை.

டெம்போ_தம்பி:
அப்போ இரண்டாம் பாதியை அன்றைக்கே வெட்டிவிட்டார்கள்.

பழையகேசட்:
வெட்டியது எலி. அதை உன் கணக்கில் சேர்க்காதே.