ஸ்விஃப்ட்ல ரெண்டு சைக்கிள் ஏத்தணும்: எந்த ரேக் வாங்கறது?

சூலூர்_சக்கரம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை காலைல நானும் பாப்பாவும் சைக்கிள் ஓட்டறது வழக்கம். அவினாசி ரோட்டுல அவளைக் கூட்டிக்கிட்டு ஓட்டறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வருது. அதனால ரெண்டு சைக்கிளையும் கார்ல ஏத்திக்கிட்டு ஆனைமலை பக்கம் போயி, தென்னந்தோப்புக்கு நடுவால போற வாய்க்கா ரோட்டுல ஓட்டலாம்னு யோசனை. வீட்டம்மாவும் வருவாங்க. ஆக மூணு பேரு, ரெண்டு சைக்கிள்.

கார் 2019 ஸ்விஃப்ட். கூரை மேல ரெயில் (சாமான் ஏத்த நீளவாக்குல வர்ற கம்பி) கிடையாது. டிக்கி கதவுல ஸ்பாய்லர், வைப்பர் ரெண்டும் இருக்கு. என் சைக்கிள் 700சி சக்கரம் போட்ட ஹைபிரிட் (ரோட்டு வண்டியும் மலை வண்டியும் கலந்த மாதிரி), முன்னாடி பின்னாடி டிஸ்க் பிரேக். பாப்பாவோடது 24 இஞ்ச் கியர் வண்டி, நடு பார் கீழ எறங்குன லேடீஸ் மாடல்.

டிக்கில பெல்ட் போட்டு மாட்டற ரேக் ஒண்ணு காட்டுனாங்க. "எல்லா காருக்கும் செட் ஆகும் சார்"ங்கறாங்க. அங்கதான் எனக்கு சந்தேகமே வருது. இன்னொரு கடைல ரூஃப்ல மாட்டறதுதான் பாதுகாப்புங்கறாங்க. பத்தாயிரத்துக்குள்ள முடிக்கப் பாக்கறேன். எதை வாங்கறது?

மிதி_மாமா

தம்பி, ரேக்கை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல டேப்பை எடுத்து அளவெடுங்க. ரெண்டு சைக்கிளோட நீளம், முன் டயர் நுனில இருந்து பின் டயர் நுனி வரைக்கும். காரோட அகலம், சைடு கண்ணாடி சேக்காம. சைக்கிளோட எடை: அதைத் தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல ஏறி நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க, கழிச்சுக்கோங்க. கடைசியா டிக்கியைத் தொறந்து, கதவோட மேல் விளிம்பை விரல்ல தடவிப் பாருங்க. கைக்குத் தட்டுப்படறது தகரமா, பிளாஸ்டிக்கா, கண்ணாடியா? இதெல்லாம் தெரியாம யாரு என்ன சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

ஈசிஆர்_விடியல்

ப்ரோ, கண்ணை மூடிட்டு ரூஃப் போங்க. டிக்கி ஃப்ரீயா தொறக்கலாம், நம்பர் பிளேட் மறையாது, ரிவர்ஸ் கேமரா மறையாது, பின்னாடி எவனாவது வந்து லேசா இடிச்சாலும் சைக்கிள் தப்பிச்சிரும். தூலேங்கற கம்பெனி கேரியர்ல ஃப்ரீரைடு மாடல் 17 கிலோ தாங்கும், ப்ரோரைடு 20 கிலோ. சைக்கிளை நிறுத்தி, ஃபிரேமோட கீழ் பாரைக் கையால கவ்விப் புடிச்சிக்கும். மகாபலிபுரம் போற நாள்ல இங்க பாதி வண்டி மேல இதுதான்.

மிதி_மாமா

ஈசிஆர் தம்பி, உங்க கார்ல ரெயில் கம்பெனியே போட்டதா இருக்கும். இவருக்கு மொட்டை மாடி. கதவு சட்டத்தைக் கவ்வற கால், குறுக்குக் கம்பி, அந்தக் காருக்குன்னே வர்ற ஃபிட்டிங் கிட், அதுக்கு மேல ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு கேரியர். எல்லாம் தனித்தனியா வாங்கணும். பத்தாயிரத்துல எங்கிருந்து முடியறது?

அப்புறம் அந்த 17, 20 எல்லாம் கேரியர் தாங்கற எடை. காரோட கூரை எவ்வளவு தாங்கும்ங்கறது கார் மேனுவல்ல இருக்கும். அந்தக் கணக்குல கம்பி, கேரியர், சைக்கிள் மூணும் சேந்துதான் வரும். உயரத்தையும் பாருங்க. ஸ்விஃப்ட் 1.53 மீட்டர், கம்பியும் சைக்கிளும் நின்னா 2.6, 2.7க்குப் போயிரும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட், ஓட்டல் போர்டிகோ, தாழ்ந்த புளியமரக் கிளை எல்லாம் ஞாபகத்துலயே இருக்கணும். காலைல ஞாபகம் இருக்கும். சாயங்காலம் களைச்சு வந்து வீட்டு போர்டிகோவுக்குள்ள விடறப்பதான் மறக்கும்.

ஈசிஆர்_விடியல்

உயரம் சரி மாமா, ஒத்துக்கறேன். என் வண்டில ரெயில் ஒரிஜினல்தான். ஆனா ரெயில் இருந்தாலே பாரம் தாங்கிரும்னு நெனைக்காதீங்கன்னு இதைப் படிக்கறவங்களுக்கு சொல்லிடறேன். பாதி வண்டில அது வெறும் அலங்காரம், ஒட்டி வச்சிருப்பாங்க. ரெனோ கைகர் மாதிரி சில வண்டிக்கு 50 கிலோ தாங்கும்னு கம்பெனியே சொல்லுது. அப்படி எழுத்துல இல்லாத ரெயில்ல கை வைக்காதீங்க.

சூலூர்_சக்கரம்

அளந்தாச்சுங்க. என் ஹைபிரிட் 175 செ.மீ., 13.8 கிலோ. பாப்பாவோடது 157 செ.மீ., 16.4 கிலோ (சின்ன வண்டிதான் கனமா இருக்கு, இரும்பு). கார் அகலம் மேனுவல்ல 1,735 மி.மீ. டிக்கி மேல் விளிம்பு தகரம்தான், அதுக்கு மேல ஸ்பாய்லர் குடை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது.

விதி_வெங்காயம்

173.5 அகலக் கார்ல 175 நீள சைக்கிளைக் குறுக்க மாட்டினா ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய வரும். உங்களுது பரவால்ல, மயிரிழை. 29 இஞ்ச் எம்டிபி (மலை சைக்கிள்) வச்சிருக்கறவங்க கணக்கு போடுங்க: ரெண்டு அச்சுக்கும் நடுவுல 115 செ.மீ.க்கு மேல, சக்கரத்து விட்டம் 73, 74. மொத்தம் 190 தொடும்.

ஏன் சொல்றேன்னா, மோட்டார் வாகனச் சட்டத்துல 194(1ஏ)ன்னு 2019 திருத்தத்துல சேத்தாங்க. ஏத்தின சாமான் வண்டியோட உடம்பைத் தாண்டி பக்கவாட்டுல, முன்ன, பின்ன, மேல அனுமதிச்ச அளவுக்கு மீறி நீட்டினா 20,000 ரூபாய் அபராதம். லாரிக்காரங்களை நெனச்சுப் போட்டதுதான், ஆனா எழுத்துல மோட்டார் வாகனம்னுதான் இருக்கு. நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் மூணும் தெரியணும், அது தனி.

ஸ்டுட்கார்ட்_தமிழன்

இங்க ஜெர்மனில நாங்க பெரும்பாலும் டிக்கில மாட்டறதில்ல. காருக்குப் பின்னாடி அடில டிரெய்லர் மாட்டி இழுக்கற இழுவைக் குண்டு இருக்கும், அது மேல பிளாட்பாரம் மாதிரி ரேக். சைக்கிளோட சக்கரம் இடுப்பு உயரத்துக்குக் கீழதான் நிக்கும், தூக்கற வேலை கம்மி. ரேக்குலயே பின் விளக்கு, இன்னொரு நம்பர் பிளேட் மாட்ட இடம், கார்ல இருந்து ஒயர் குத்தற பிளக் எல்லாம் உண்டு. அங்கயும் அதே மாதிரி ஒரு எக்ஸ்ட்ரா பிளேட் அடிச்சு ரேக்குல மாட்டிக்கலாமே?

விதி_வெங்காயம்

அங்கதான் சிக்கல் சார். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த புது வண்டி எல்லாத்துக்கும் இங்க உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். ஹாலோகிராம், லேசர் எண், கழட்ட முடியாத ஸ்னாப் லாக். ஸ்டிக்கர் கடைல மூணாவதா ஒண்ணு அடிச்சு மாட்டினா அது பிளேட்டே கிடையாது. நெடுஞ்சாலைல நிறுத்தினா விளக்கம் சொல்லிக்கிட்டே நிக்க வேண்டியதுதான். ஒரிஜினல் பிளேட் மறையாம மாட்டறதுதான் வழி.

பீளமேடு_பம்ப்

எதுக்குங்க இவ்வளவு ரோசனை? நம்மூர்ல இல்லாத வெல்டிங் பட்டறையா? ரெண்டு எம்எஸ் (இரும்பு) பைப்பை வளைச்சு பம்பர்ல போல்ட் போட்டா மூவாயிரத்துல ரேக் ரெடி.

கழட்டி_மாட்டி

பம்பர் பிளாஸ்டிக்குங்க. அதுல போல்ட் போட்டா மொதல் ஸ்பீடு பிரேக்கர்லயே பம்பரும் சைக்கிளும் சேந்து ரோட்டுல கிடக்கும். உள்ள இருக்கற இரும்புச் சட்டத்துல போடலாம்னா, பின்னாடி இடி வாங்குனா நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கறதுக்குத்தான் அது இருக்கு. அதுல பைப்பை வெல்டு வெச்சா இடி நேரா பாடிக்குப் போகும். இன்சூரன்ஸ் கேள்வி வேற. பட்டறை வேலை நல்ல வேலைதான், இந்த எடத்துக்கு ஆகாது.

சூலூர் தம்பிக்கு: உங்க கணக்குக்கு பெல்ட் ரேக் போதும். ஆனா மாட்டற விதத்துலதான் எல்லாமே இருக்கு. நல்ல ரேக்குல ஆறு பெல்ட் வரும். மேல ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு ஒண்ணு, கீழ ரெண்டு. மேல் ரெண்டுதான் பாரம் தாங்கும். அந்தக் கொக்கி டிக்கி கதவோட தகர விளிம்புல உக்காரணும், ஸ்பாய்லர் மேல உக்காரவே கூடாது. பெல்ட் ஸ்பாய்லரைத் தொட்டுக்கிட்டுப் போகலாம், அழுத்திக்கிட்டுப் போகக் கூடாது. பக்க பெல்ட் வேண்டாத வேலைன்னு நெறைய பேரு விட்டுடறாங்க. நேர் ரோட்டுல அது இல்லாட்டி தெரியாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கு பாருங்க, அங்க தெரியும், ரேக்கே நடனமாடும்.

மாட்டறதுக்கு முன்னாடி ரேக்கோட பஞ்சு உக்கார்ற எடத்தை ஈரத்துணி போட்டு தொடைங்க. தூசி மேல மாட்டுனா அது உப்புத்தாளாட்டம் பெயிண்டைத் தேச்சுரும். எல்லாம் இறுக்குனதுக்கு அப்புறம் சைக்கிளைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க. கார் ஆடணும். சைக்கிள் தனியா ஆடுச்சுன்னா இன்னும் இறுக்கணும். பெல்ட்டோட மிச்ச வாலைச் சுருட்டிக் கட்டிருங்க, இல்லாட்டி காத்துல படபடன்னு அடிச்சு ஆனைமலை வரைக்கும் காது போயிரும். பல்லடமோ பொள்ளாச்சியோ, மொதல்ல டீ குடிக்க நிறுத்தற எடத்துல ஒருக்கா இறுக்கிக்கோங்க, புது பெல்ட் கொஞ்சம் எளகும்.

சைலன்ஸர் வாயையும் பாத்துக்கோங்க. டயர் அதுக்கு நேரா தொங்குனா சூட்டுல ரப்பர் வெந்துரும்.

பாப்பா வண்டிக்கு நடு பார் கீழ எறங்கியிருக்கறதால ரேக் கைல நேரா உக்காராது. சீட் கம்பிக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் நடுவுல மாட்டற அடாப்டர் பார்னு தனியா விக்குது, அதை மாட்டிக்கோங்க.

ஈசிஆர்_விடியல்

எடை? இந்த ரேக்குல பாதிக்கு மேல ஒரு சைக்கிளுக்கு 15 கிலோன்னுதான் போட்டிருப்பாங்க. பாப்பா வண்டி 16.4.

கழட்டி_மாட்டி

ஸ்டாண்டு, சீட்டு, முன்கூடை, பாட்டில் எல்லாம் கழட்டுனா எறங்கிரும். வாங்கறப்ப டப்பால எழுதியிருக்கறதைப் பாத்து வாங்குங்க.

நாலாவது_கியர்

ஒரு விஷயம் யாரும் சொல்லலையே. மூணு பேருதான் போறாங்க. ஸ்விஃப்ட்ல பின் சீட்டு 60:40ன்னு ரெண்டு பங்கா தனித்தனியா மடங்குதுன்னா ஹைபிரிட்டை உள்ளயே போட்டுரலாம். ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, சீட்டை எறக்கி, ஹேண்டிலைத் திருப்பி, பழைய பெட்ஷீட்ல சுத்தி, செயின் பக்கம் மேல பாக்கற மாதிரி படுக்க வைங்க. 40 பக்கம் பாப்பா உக்காந்துக்கட்டும். ஹைபிரிட்தானே நீளம், அது உள்ள போயிட்டா வெளிய நீட்டற பிரச்சினையே இல்ல. ரேக்குல ஒத்தை சைக்கிள், 157 செ.மீ., காருக்கு ஒட்டுனாப்புல நிக்கும்.

சக்கரத்தைக் கழட்டினதும் டிஸ்க் பிரேக் பேடுக்கு நடுவுல ஒரு அட்டையை மடிச்சு சொருகிருங்க. வழில யாராவது தெரியாம பிரேக் லீவரைப் புடிச்சா ஹைட்ராலிக் பேடு ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் ஸ்க்ரூட்ரைவர் வெச்சு நெம்பணும்.

மிதி_மாமா

இது நல்ல ரோசனை. ஒத்தை சைக்கிள்னா ரேக்குக்கும் பாதி பாரம். ரெண்டாவது சைக்கிள் எப்பவும் காரை விட்டுத் தள்ளி நிக்கும், கொக்கியை நெம்பறதே அதுதான்.

சூலூர்_சக்கரம்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட பெல்ட் ரேக் இருந்துச்சு, இரவல் வாங்கிட்டு வந்து வாசல்ல மாட்டிப் பாத்தேன். ஹைபிரிட் உள்ள அடங்கிருச்சு. பாப்பா உக்கார எடம் இருக்கு, "முழங்கால்ல சீட் கம்பி இடிக்குது"ன்னு ஒரு புகார், அதுக்குத் தலகாணி வெச்சாச்சு.

வெளிய பாப்பா வண்டி. மேல் கொக்கி தகரத்துல நல்லா உக்காந்துச்சு. பெல்ட் ஸ்பாய்லர் ஓரத்தைத் தொடற எடத்துல ஏசி பைப்புக்குப் போடற கறுப்பு ஃபோமைக் கீறி சொருகிட்டேன். ஆட்டுனா கார்தான் ஆடுது. இப்ப ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, பிளேட்டோட ரெண்டு ஓரத்து எழுத்தையும் முன் சக்கரமும் பின் சக்கரமும் மறைக்குது. ரெண்டு, செயின் பக்கம் வெளிய பாக்கற மாதிரி மாட்டினதுல, உள்பக்கம் இருக்கற இடது பெடல் டிக்கி பெயிண்டுல முட்டுது.

கழட்டி_மாட்டி

முன் சக்கரத்தைக் கழட்டி உள்ள போட்டுருங்க. சைக்கிள் 130 செ.மீ.க்குள்ள வந்துரும். அப்புறம் பின் சக்கரம் பிளேட்டைத் தாண்டற வரைக்கும் அந்தப் பக்கமா நகத்துங்க, நகத்த எடம் இருக்கும். ரேக் கையை ஒரு பல்லு மேல ஏத்துனா க்ராங்க்கும் (பெடல் மாட்டற கை) பிளேட்டுக்கு மேல போயிரும். ஹேண்டில் சும்மா விட்டா ஃபோர்க் திரும்பித் திரும்பி கதவுல அடிக்கும், ஃபிரேமோட சேத்து பழைய டியூபால கட்டுங்க. இருபது அடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, பிளேட்டு முழுசா தெரிஞ்சா சரி.

சூலூர்_சக்கரம்

செஞ்சாச்சுங்ணா. பிளேட்டு முழுசா தெரியுது, ரெண்டு பின் விளக்கும் தெரியுது. இதே மாதிரி ஆறு பெல்ட் ரேக்கும் அடாப்டர் பாரும் சொல்லிட்டேன். ரெண்டும் சேந்து பட்ஜெட்டுக்குள்ளதான் வருது. பெடலைக் கழட்டிரலாம்னு 15 ஸ்பேனரைப் போட்டா அசைய மாட்டேங்குது. தொங்கித் தொங்கிப் பாத்துட்டேன். தேங்காய் எண்ணெய் விட்டும் ஆகலைங்க.

கழட்டி_மாட்டி

எந்தப் பக்கம் திருகறீங்க? இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகாரம் சுத்தற பக்கம் திருகுனாத்தான் கழலும். நீங்க இவ்வளவு நேரம் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கணக்கு: ஸ்பேனரை மேல நிமித்தி வெச்சு, அதோட நுனி பின் சக்கரத்தைப் பாத்துப் போகற மாதிரி தள்ளுங்க. மறுபடி மாட்டறப்ப மரைல கொஞ்சம் கிரீஸ் தடவிக்கோங்க.