நெல் குடோன்: பில்லர் கட்டடமா, இரும்பு ஷெட்டா?

வணக்கம் உறவுகளே. திருத்துறைப்பூண்டி பக்கம் அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து 100க்கு 60 அடியில் நெல் குடோன் கட்டப் போகிறோம். போன குறுவையில் களத்தில் தார்ப்பாய் போட்டு மூடியும் அடிமூட்டையெல்லாம் முளைத்துவிட்டது. சாக்கைத் தூக்கினால் வெள்ளை வேர் தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அரசு தளர்வு தந்தால் ஒழிய, ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காயவைத்து அடுக்க நமக்கென்று இடம் வேண்டும்.

கான்கிரீட் பில்லர் போட்டுத் தளம், செங்கல் சுவர் மேல் டிரஸ் (முக்கோண இரும்புச் சட்டம்) வைத்து ஷீட், கம்பெனியில் செய்து வந்து போல்ட் முடுக்கும் பிஇபி ஷெட், இந்த மூன்றில் ஒன்று. கொட்டேஷன்களை ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் அஸ்திவாரத்தைச் சேர்க்கவில்லை, இன்னொருவர் தரை கான்கிரீட்டை விட்டுவிட்டார். எங்கள் மண் களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். 2018 கஜா புயலில் எதிர்வீட்டு ஷீட் மொத்தமும் பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். விலை குறைவு என்பதற்காக மட்டும் எதையும் எடுக்க மனமில்லை.

டெல்டாவில் சமீபத்தில் கட்டியவர்கள் அஸ்திவாரம், தரை, கூரை என்று பிரித்துச் சதுரடிக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டீர்களா? தரையை எவ்வளவு உயர்த்தினீர்கள்? மார்கழிப் பனியில் ஷீட்டுக்கு அடியில் நீர் கோத்து மூட்டையில் சொட்டுகிறதா? சம்பா அறுவடைக்குள் கூரை ஏற வேண்டும்.