ஹைப்போபாரிக்: தாழழுத்தமா, குறையழுத்தமா, ஐதுவளியா?

> ஹைப்போபாரிக் பயிர்வளர்ப்பைத் ‘தாழழுத்தப் பயிர்வளர்ப்பு’ என்றே சொல்லிவிடலாமே. வானிலையில் புழங்கும் சொல்தானே.

ஐயா, புழங்குவதுதான் இடைஞ்சல். தாழ்வு என்றதும் வாசகர் குடையைத் தேடுவார். இங்கே மூடிய கலனுக்குள் காற்றழுத்தத்தைக் கடல்மட்டத்தின் 101 கிலோபாஸ்கலிலிருந்து 25க்கோ 10க்கோ இறக்கிப் பயிர் வளர்க்கிறோம். ‘வெற்றிடப் பயிர்வளர்ப்பு’ என்பது அதைவிட மோசம். வெற்றிடத்தில் பயிர் ஏது? செவ்வாய்க் கோளின் தரையில் அழுத்தம் 0.6 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அங்கே பசுமைக்குடிலுக்குள் 101ஐ வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் பத்து டன் விசை வெளியே தள்ளும். 10 வைத்தால் ஒரு டன்னோடு போயிற்று. அழுத்தத்தைக் குறைக்கப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆகவே ‘குறையழுத்தம்’. குறையழுத்தக் கலன், பழங்களுக்குக் குறையழுத்தச் சேமிப்பு என எல்லாவற்றோடும் ஒட்டும்.

ஆனால் இதனோடு இன்னொரு சொல்லையும் சீர்செய்ய வேண்டும். பார்ஷியல் பிரஷருக்கு, அதாவது கலவையில் ஒரு வளி மட்டும் தரும் அழுத்தத்துக்கு, பாடநூல் தரும் ‘பகுதி அழுத்தம்’ ஏதோ ஓர் இடத்தின் அழுத்தம் போல ஒலிக்கிறது. ‘பங்கழுத்தம்’ என்றால் ஒவ்வொரு வளியின் பங்கும் கண்ணுக்குத் தெரியும். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான். சாதாரணக் காற்றையே 25க்கு இறக்கினால் ஆக்சிசனின் பங்கழுத்தம் 5தான். முதலில் வேர் திணறும். கார்பன் டை ஆக்சைடு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று பழக்கத்தில் வைத்தால் இலைக்குக் கிடைப்பது கால் பங்கு. 1600 வைத்தால்தான் கடல்மட்டத்துக்கு ஈடு. கார்பன் டை ஆக்சைடை அளக்கும், அழுத்தத் திருத்தம் இல்லாத அகச்சிவப்பு மானி வேறு குறைத்தே காட்டும்.

25 கிலோபாஸ்கலில், 25 பாகை வெப்பத்தில், ஒரு கலவை, பங்கழுத்தம் கிலோபாஸ்கலில்: ஆக்சிசன் 12, நீராவி 2.5, கார்பன் டை ஆக்சைடு 0.1, மீதி நைட்ரசன். நீராவியைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். காற்றில் பத்தில் ஒரு பங்கு அதுவே.

---

> ஆகவே ‘குறையழுத்தம்’.

வணக்கம். இலங்கையில் எங்களுக்குப் பிரஷர் ‘அமுக்கம்’. வானொலியில் தாழமுக்கம் என்றால் கடற்றொழிலாளர் படகைக் கரையேற்றுவர். ஆகவே ‘தாழ்’ வேண்டாம் என்பதில் உடன்பாடு. ஆனால் ‘குறை’ என்றால் ஏதோ பழுது போலவும் படுகிறதே. நீர்த்த அமிலத்தை ஐதான அமிலம் என்று படித்தவர்கள் நாங்கள். ‘ஐதுவளிப் பயிர்ச்செய்கை’ எப்படி?

இன்னொன்று. 2004இல் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 10 கிலோபாஸ்கலில் அரபிடோப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியை வைத்துப் பார்த்தபோது, நீருக்குக் குறைவில்லாதபோதும் வறட்சிக்குரிய மரபணுக்கள் விழித்துக்கொண்டன. அமுக்கம் பத்திலொன்றானால் நீராவியின் பரவல் வீதம் பத்து மடங்கு. இலை காய்வதாகவே செடி எடுத்துக்கொள்கிறது. இதை ‘வறட்சி மயக்கம்’ எனலாமா?

---

‘வறட்சி மயக்கம்’ அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம்.

‘ஐதுவளி’ காதுக்கு இனிதுதான், ஆனால் ஆளை ஏமாற்றும். மேலே சொன்ன கலவையில் ஆக்சிசன் 48 விழுக்காடு. ஐதான காற்று என்று நம்பி, கரித்தூரிகை பொறி பறக்கும் மோட்டாரை உள்ளே வைத்தால் தீப்பற்றும். குறைந்தது மொத்த அழுத்தம் மட்டும்தான். சொல்லும் அதை மட்டும் சொல்லட்டும். குறைமாதம், குறைவிலை என்பவற்றில் குறை அளவுதானே, பழுது அல்லவே. உங்கள் பக்கம் ‘குறையமுக்கம்’, ‘பங்கமுக்கம்’ என்று எழுதினால் தேடுபவருக்கு இரண்டும் அகப்படும்.

ஒரு சொல் பாக்கி. 10 கிலோபாஸ்கலில் பம்பு கீழிருந்து நீரை உறிஞ்சக்கூடிய உயரம் 70 சென்டிமீட்டர்கூட இல்லை. கடல்மட்டத்தில் அது ஏறக்குறைய பத்து மீட்டர். ஊட்டக்கரைசல் தொட்டியைப் பம்புக்கு மேலே வைக்காவிட்டால் உறிஞ்சுகுழாயில் நீர் ஆவிக்குமிழாகிப் பம்பு வெறுமனே சுற்றும். இந்தக் கேவிட்டேஷனுக்குக் ‘குமிழடைப்பு’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் குமிழ் சட்டென ஒடுங்கிப் பம்பின் சுழலியை அரிப்பதை அது சொல்லவில்லை. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.